வாய் சொல்வதெல்லாம் கொரோனா இல்லை

கேள்வி: டாக்டர், வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 68 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு), இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. மேல் வரிசைக்குப் பல்செட் போட்டிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் காய்ச்சல், இருமல் வந்தது. டெஸ்ட் கிட் போட்டுப் பார்த்தோம், இரண்டு கோடு. கிளினிக்கில் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக்கும் இருமல் மருந்தும் கொடுத்தார்கள். ஐந்தாறு நாளில் காய்ச்சல் விட்டது, வாய்தான் சரியாகவில்லை. சாம்பார் வைத்தாலும் சம்பல் வைத்தாலும் "கழுநீர் மாதிரி இருக்கு" என்கிறார். நாக்கு வெள்ளையாக இருக்கிறது. வாய் காய்கிறது, காரம் பட்டால் எரிகிறது. இடது கன்னத்தின் உள்ளே மூன்று வாரமாக ஆறாத ஒரு புண்ணும் இருக்கிறது. அந்த இடத்தில் முன்பே ஏதோ உறுத்தியதாகச் சொன்னார், வெற்றிலை போடுகிறவர் என்பதால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொரோனா கிருமி வாயில் தங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் என் கணவர் ஒரு வாய்மருந்து வாங்கி வந்தார். போத்தலில் குளோர்ஹெக்சிடின் என்று போட்டிருக்கிறது. இரண்டு வாரமாகத் தினமும் மூன்று வேளை கொப்பளிக்கிறார். இப்போது தாடிகா (பாலர் பள்ளி) போகும் என் ஐந்து வயது மகனுக்கும் வாயெல்லாம் கொப்புளம். பாட்டியிடமிருந்து ஒட்டியதா? இது எப்போது சரியாகும்?

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரே வாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதில் நாலைந்து தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. பெரட்டுக் களத்தில் ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு வேலை கொடுப்பது போல இவற்றையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கொரோனா கணக்கில் எழுதிவிட்டால் சரியாகப்போவதும் சரியாகாமல் நிற்கப்போவதும் ஒரே வரியில் போய்விடும். எனக்குப் பயம் அதில்தான்.

முதலில், கொரோனா உண்மையிலேயே வாய்க்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அந்தக் கிருமி நம் செல்லுக்குள் நுழைய ஏஸ்-2 என்ற ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது நுரையீரலில் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. நாக்கின் மேல்தோலிலும் எச்சில் சுரப்பிகளிலும் உண்டு. எச்சில் சுரப்பியின் செல்களுக்குள்ளேயே கிருமி இருப்பதை 2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் மலேசியாவிலும் அதே ஆண்டில் எச்சிலைத் துப்பிப் பார்க்கும் டெஸ்ட் கிட் விற்பனைக்கு வந்தது நினைவிருக்கும். ஆக, வாய்க்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. "தங்கிவிட்டது" என்றாரே, அந்தப் பாதி சரியில்லை. சாதாரணமாக உடம்பு கிருமியை வெளியேற்றிவிடும். அது போன பிறகு விட்டுச்செல்லும் சேதாரம் ஆறத்தான் நாளாகும். மூன்று வாரம் கழித்து வாயைக் கழுவிக் கழுவிக் கிருமியை விரட்ட வேண்டிய வேலை எதுவும் இல்லை.

ருசி விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில், நாட்டில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் தொற்று பதிவான சமயத்தில், எனக்கும் வந்தது. நாலாம் நாள் அடுப்படியில் நின்று கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்போதுதான் உறைத்தது, எனக்கு வாடையே வரவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன், சூடுதான் அடித்தது. அன்று சாப்பிட்டபோது கருவாட்டின் உப்பு தெரிந்தது, கருவாடு தெரியவில்லை.

உங்கள் மாமியாருக்கும் அதுதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நாக்கின் மேல் கொஞ்சம் உப்பு வையுங்கள். வாயைக் கழுவிய பிறகு ஒரு சிட்டிகை சீனி, அப்புறம் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. உப்பு, இனிப்பு, புளிப்பு மூன்றும் தெரிந்தால் நாக்கு வேலை செய்கிறது, மூக்குதான் படுத்திருக்கிறது. சாம்பாரில் புளிப்பையும் உப்பையும்தான் நாக்கு சொல்லும். பெருங்காயம், கறிவேப்பிலை, தாளித்த கடுகின் வாசம் எல்லாம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்குப் போய்த்தான் தெரியும். "கழுநீர்" என்று அவர் சொன்னது ரொம்பச் சரியான வார்த்தை. காரம் இன்னொரு நரம்பின் வேலை. அதனால்தான் ருசி போனவருக்கும் மிளகாய் எரிகிறது.

மூக்கில் மணம் பிடிக்கும் நரம்பு செல்களைக் கொரோனா பெரும்பாலும் நேராகத் தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணை செல்களைத்தான் தாக்குகிறது. அந்தத் துணை செல்கள் திரும்ப வளரும் என்பதால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் ருசி திரும்பிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். திரும்பும்போது சிலருக்குக் காப்பி கருகின வாடை அடிக்கும், வெங்காயம் வதக்கினால் குமட்டும். பயப்பட வேண்டாம், அறுந்த லைன் மறுபடி ஒட்டும்போது வரும் குளறுபடி அது.

இதற்கென்று நிரூபணமான மாத்திரை இல்லை. துத்தநாக மாத்திரையை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். ஓரளவு பலன் கொடுப்பது மணப் பயிற்சி. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு வாசனையைக் காலையிலும் மாலையிலும், ஒவ்வொன்றையும் இருபது வினாடி போல, மெதுவாக முகர வேண்டும். அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனதில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். சாமி அறையில் பன்னீர் இருக்கும், அஞ்சறைப் பெட்டியில் கிராம்பு இருக்கும். மற்ற இரண்டையும் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிக்கொள்ளலாம். தைலத்தை மூக்குக்குள் விட வேண்டாம், பஞ்சில் ஒரு சொட்டு போதும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. மணம் தெரியாதவருக்குக் கேஸ் கசிந்தால் தெரியாது, குழம்பு ஊசிப்போனாலும் தெரியாது. பகலில் அவர் தனியாக இருப்பவரென்றால் சிலிண்டரை மூடிவிட்டு வேலைக்குப் போங்கள். இரண்டாவது, ருசி இல்லை என்று உப்பையும் சீனியையும் கூடப் போட்டுக்கொள்வார்கள். அவருக்கு இரண்டுமே ஆகாது. எலுமிச்சை, இஞ்சி, புதினா என்று கொஞ்சம் கூடச் சேர்த்துச் சமைத்துப் பாருங்கள்.

சரி, அந்தப் போத்தலுக்கு வருவோம். குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்துதான், நானே ஈறு வீக்கத்துக்கும் பல் பிடுங்கிய பிறகும் கொடுக்கிறேன். ஆனால் நாள் கணக்கு சொல்லித்தான் கொடுப்பேன். தொடர்ந்து கொப்பளித்தால் அது ருசியை மாற்றும். பல்லிலும் நாக்கிலும் பல்செட்டிலும் பழுப்புக் கறை ஏற்றும், சிலருக்கு வாய் எரியும். உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் வாங்கி வந்திருக்கிறார், அவரைத் திட்டாதீர்கள். ஆனாலும் இரண்டு வாரம், மூன்று வேளை! கொரோனா பறித்த ருசி திரும்புகிற நேரத்தில் இந்த மருந்து வாசலில் நின்று மறித்துக்கொண்டிருக்கலாம். இன்றே நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து கொப்பளித்துத் துப்பினால் போதும். இரத்தக் கொதிப்பு உள்ளவர், விழுங்க வேண்டாம்.

இதே இடத்தில் இன்னொன்று. வயதானவர்கள், நோயாளிகள் என்று சிலருக்குக் கொரோனாவுக்காக பாக்ஸ்லோவிட் மாத்திரை கொடுப்பார்கள். அதைச் சாப்பிடும் ஐந்து நாளும் சிலருக்கு வாயில் துருப்பிடித்த தகரத்தைச் சப்பிய மாதிரி கசக்கும். மாத்திரை முடிந்ததும் அதுவும் போய்விடும். உங்கள் மாமியாருக்கு அது கொடுக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின் கூடச் சிலருக்கு வாயில் உலோக ருசி தரும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

நாக்கு வெள்ளையைப் பற்றி. காய்ச்சலில் படுத்தவர் யாருக்கும் நாக்கில் மாவு படியும். சரியாகச் சாப்பிடாமல், பல் விளக்காமல், மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டுக் கிடந்தால் அப்படித்தான். கொரோனா நோயாளிகளிடம் நாக்கு வீங்கி ஓரத்தில் பல் தடம் பதிவது, அங்கங்கே மொட்டுகள் உதிர்ந்து வழவழப்பாவது, சிறு வாய்ப்புண் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினில் மட்ரிட் நகரத்துத் தற்காலிக மருத்துவமனையில் 2020-இல் 666 பேரைப் பரிசோதித்தபோது 78 பேரின் வாயில் இப்படி ஏதாவது மாற்றம் இருந்தது. அதாவது, எல்லாருக்கும் வருவதில்லை. வந்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மறைவதுதான் வழக்கம்.

மூன்று வாரம் ஆகியும் வெள்ளை போகவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது காளான், அதாவது பூஞ்சைத் தொற்று. கேண்டிடா என்பது அதன் பேர். நம்மில் பலர் வாயிலும் ஒரு மூலையில் சத்தமில்லாமல் இருப்பதுதான். அதற்குப் பிடித்த சூழ்நிலை எது தெரியுமா? இரத்தத்தில் சீனி கூட இருக்க வேண்டும், வாய் காய்ந்திருக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் வந்து மற்ற கிருமிகளைக் காலி செய்திருக்க வேண்டும், இரவும் பகலும் கழற்றாத பல்செட் ஒன்று அண்ணத்தை மூடியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் நாலும் இருக்கிறது, பல்செட்டைக் கழற்றுகிறாரா என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரிந்து நம் அம்மாக்கள் கழற்றுவதில்லை. பொக்கை வாயைப் பேரப்பிள்ளை பார்த்துவிடும் என்று வெட்கம்.

பகல் வெளிச்சத்தில் அவரை வாசல் பக்கம் உட்கார வைத்துப் பல்செட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கைப்பேசி டார்ச்சை அடியுங்கள். ஈரப்படுத்திய சுத்தமான துணியை விரலில் சுற்றி அந்த வெள்ளையை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். தயிர்த் திப்பி போல உரிந்து, அடியில் சிவந்து, லேசாக இரத்தம் கசிந்தால் அது காளானாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பல்செட் உட்காரும் அண்ணமும் அதே அளவுக்குச் சிவந்திருக்கும், அச்சு எடுத்த மாதிரி. துடைத்தும் வராத வெள்ளை என்றால் அது வேறு சங்கதி, பின்னால் சொல்கிறேன்.

காளானுக்கு மருந்து லேசானது. நிஸ்டாடின் என்ற மஞ்சள் நிறத் தண்ணீர் மருந்து கொடுப்போம். தினம் நாலு வேளை, பல்செட்டைக் கழற்றிவிட்டு, வாய்க்குள் நன்றாகச் சுழற்றி வைத்திருந்து பிறகு விழுங்க வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் (மருத்துவ உதவியாளர்) இதற்கு ஊதா மருந்து தடவுவார். லயத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் நாவல்பழம் தின்ற வாயோடு திரிவோம். மைக்கோனசோல் என்ற ஜெல்லும் இருக்கிறது. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அந்த ஜெல் ஆபத்து, இரத்தக் கசிவு வரைக்கும் போகும். அதனால்தான் மருந்துக் கடையில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் கிளினிக்கில் காட்டுங்கள் என்கிறேன்.

மருந்து போட்டும் பல்செட்டைக் கவனிக்கவில்லை என்றால் காளான் அதிலிருந்தே திரும்ப ஏறும். இரவில் கழற்றி, மென்மையான பிரஷில் சோப்புப் போட்டுத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும். காய வைத்தாலும் ஆகாது.

வாய் காய்வதற்கும் ஒரே காரணம் இல்லை. ஆரோக்கியமான ஒருவர் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். கிருமி சுரப்பியைத் தொட்டதால் குறைந்திருக்கலாம். இருமல் மருந்தில் சேர்க்கும் அலர்ஜி மருந்து எச்சிலை வற்ற வைக்கும். எல்லாவற்றுக்கும் மேல், எந்தத் தொற்று வந்தாலும் இனிப்பு நீர்க்காரருக்குச் சீனி ஏறும், ஏறினால் அடிக்கடி சிறுநீர் போகும், நாக்கு வறளும். அவருக்குச் சீனி எவ்வளவு என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இந்தியர்களிடம் மட்டும் 30 விழுக்காட்டைத் தாண்டியது. பல் டாக்டரான நான் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் சீனி அளவைக் கேட்பது அதனால்தான்.

காய்கிற வாய்க்குத் தண்ணீரை மடக்கு மடக்காக அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். தொண்டைக்கு இதமாக இருக்கிறதே என்று மைலோவும், பால் டின் ஊற்றிய தேத்தண்ணியும், இருமல் மிட்டாயும் நாள் முழுக்க வாயில் போனால் எச்சில் இல்லாத வாயில் கீழ் வரிசைப் பல்லெல்லாம் ஈறோரமாகச் சொத்தையாகிவிடும். ஃப்ளோரைட் உள்ள பற்பசையால் இரண்டு வேளை விளக்கி, நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விஷயம். கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இடது கன்னத்துப் புண். "அந்த இடத்தில் முன்பே ஏதோ உறுத்தியது." அவர் வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்குவார்? இடது பக்கம் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். கொரோனாவுக்கு முன்பே உறுத்திய இடத்தில், வெற்றிலை அடக்கும் இடத்தில், மூன்று வாரம் ஆறாத புண்.

சாதாரண வாய்ப்புண் பத்துப் பதினாலு நாளில் ஆறிவிடும். கொரோனாவோடு வரும் புண்ணும் அந்தக் கணக்குத்தான். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத எந்தப் புண்ணையும் ஒரு பல் டாக்டர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டே ஆக வேண்டும். அது புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பல்செட் விளிம்பு உரசிய புண்ணாக இருக்கலாம், உடைந்த கீழ்ப்பல் குத்தியிருக்கலாம், சுண்ணாம்பு வெந்ததாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் விடக்கூடாத காரணம் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம். வெற்றிலைப் பழக்கம் அதற்குப் பெரிய காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்குச் சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. "நான் பொயிலை போடறதில்லம்மா, வெறும் பாக்குதான்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாத பாட்டி இல்லை. தோட்டங்களுக்கே வந்து வாயைப் பார்க்கும் அரசாங்கப் பல் மருத்துவக் குழுவுக்கும் அந்த வாசகம் மனப்பாடம்.

ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். நாக்கின் ஓரத்தில் புண். கொரோனா ஊசி போட்ட மறுவாரம் வந்தது, ஊசிச் சூடு, தானாக ஆறும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மோரும் வெந்தயமுமாக ஏழு மாதம் ஓடிவிட்டது. வலி இல்லை என்பதால் அவரும் வற்புறுத்தவில்லை. என்னிடம் வந்தபோது புண்ணின் விளிம்பு தடித்து, தொட்டால் கட்டை போல இருந்தது. கழுத்தில் ஒரு கட்டியும் கையில் தட்டுப்பட்டது. ஏழு மாதத்துக்கு முன் வந்திருந்தால் நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம் வேறு, அன்று எழுதிக் கொடுத்த கடிதம் வேறு.

அதனால் டார்ச் அடித்துப் பார்க்கும்போதே அந்தக் கன்னத்தையும் பாருங்கள். விளிம்பு தடித்திருக்கிறதா, சுற்றிலும் துடைத்தால் வராத வெள்ளைப் படையோ வெல்வெட் போன்ற சிவப்புப் படையோ இருக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா? வெற்றிலை போட்டுப் போட்டுச் சிலருக்குக் கன்னம் தோல்வார் போல இறுகி, மூன்று விரலைச் செங்குத்தாக வைக்குமளவுக்குக்கூட வாய் திறக்காது. காரம் எரிவதற்கும் அது ஒரு காரணம். இவற்றில் எது இருந்தாலும், எதுவுமே இல்லாமல் புண் மட்டும் இருந்தாலும், இந்த வாரமே போய்விடுங்கள். தேவைப்பட்டால் மரத்துப்போகும் ஊசி போட்டு, அரிசி அளவுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். "கத்தி பட்டால் பரவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சதை எடுத்ததால் பரவுவதில்லை, எடுக்காமல் நாள் கடத்தியவர்களுக்குத்தான் பரவியிருக்கிறது. அதுவரை வெற்றிலைப் பெட்டியைப் பூட்டி வையுங்கள். சண்டை வரும். வரட்டும்.

இன்னும் ஒன்று, அபூர்வமானது. ஆனால் இனிப்பு நீர்க்காரர் என்பதால் சொல்லாமல் விட முடியாது. 2021-இல் இந்தியாவில் இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சீனி கட்டுக்குள் இல்லாத, ஸ்டீராய்டு மருந்து எடுத்த கொரோனா நோயாளிகளைத்தான் அது அதிகம் பிடித்தது. அண்ணத்தில் கறுப்புத் திட்டு, ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, கண்ணைச் சுற்றி வீக்கம், மூக்கிலிருந்து கறுப்பாக வடிவது, மேல் ஈறில் திடீர் வலி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பல் கிளினிக்குக்கு வர வேண்டாம். இரவோ பகலோ நேரே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதேபோல வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு ஈறில் இரத்தம் கசிந்தால் கொரோனா கிட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நம் ஊரில் அது டெங்கியாக இருக்கலாம், உடனே இரத்தப் பரிசோதனை வேண்டும்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். தாடிகாப் பிள்ளை, வாயெல்லாம் கொப்புளம். உள்ளங்கை, உள்ளங்கால், பின்பக்கம் மூன்றையும் பார்த்தீர்களா? அங்கேயும் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் அது அநேகமாகக் கை, கால், வாய் நோய். பாட்டியிடமிருந்து வந்ததல்ல, தாடிகாவிலிருந்து வந்தது. கொரோனாவோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, வேறு வகைக் கிருமி. ஏழிலிருந்து பத்து நாளில் தானாக ஆறும். புளிப்பு, காரம் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர், ஆறின கஞ்சி, ஐஸ்கிரீம்கூடக் கொடுக்கலாம் (பல் டாக்டரே சொல்லிவிட்டார் என்று அவன் காதில் போட வேண்டாம்). வலிக்குப் பாராசிட்டமோல் எடைக்கேற்ற அளவில் கொடுங்கள், ஆஸ்பிரின் கூடாது. கொப்புளம் எல்லாம் காயும்வரை தாடிகாவுக்கு அனுப்பாதீர்கள், ஆசிரியருக்கும் சொல்லிவிடுங்கள். 1997-இல் சரவாக்கில் இந்த நோயின் ஒரு கடுமையான வகை பல குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அதனால் பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, தூக்கத்தில் திடுக் திடுக்கென்று உதறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ ஆஸ்பத்திரிதான்.

பாட்டிக்கு வந்தபோது இவனுக்கும் கொரோனா வந்து போயிருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளில் மிகச் சிலருக்கு இரண்டிலிருந்து ஆறு வாரம் கழித்து விடாத காய்ச்சல், இரத்தச் சிவப்பில் உதடு, ஸ்ட்ராபெரிப் பழம் போன்ற நாக்கு, சிவந்த கண், வயிற்று வலி என்று ஒன்று வரும். அபூர்வம்தான், ஆனால் அதுவும் அவசரம். கை, கால், வாய் நோயில் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கும், இதில் இறங்காது.

பிரஷ் விஷயம் ஒன்று கேட்டிருக்க வேண்டும், நீங்கள் கேட்கவில்லை. குளியலறையில் எல்லார் பிரஷும் ஒரே குவளையில் தலையோடு தலை முட்டிக்கொண்டுதானே நிற்கிறது? பாட்டியுடையதையும் பேரனுடையதையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கித் தனித்தனியாக வையுங்கள்.

அரசாங்கப் பல் கிளினிக்கிலேயே இதையெல்லாம் பார்ப்பார்கள். "கன்னத்தில் மூன்று வாரமாக ஆறாத புண், வெற்றிலை போடுகிறவர்" என்று கவுன்டரிலேயே சொல்லுங்கள், "பல் வலி" என்று சொல்லாதீர்கள். இந்த இரண்டுக்கும் வரிசை வேறு. போகும்போது பல்செட்டைப் போட்டுக்கொண்டே அழைத்துப் போங்கள், அது எங்கே உரசுகிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். மாத்திரைப் பை, சீனி எழுதும் சின்னப் புத்தகம், அந்தக் குளோர்ஹெக்சிடின் போத்தல் மூன்றும் கையில் இருக்கட்டும். காலை ஏழரைக்கெல்லாம் போய்விட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் வீடு திரும்பலாம். அவருக்கு மாத்திரை நேரம் தவறக்கூடாது என்பதால் இரண்டு இட்லியைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், சட்னி காரமில்லாமல்.